வாட்ஸ்அப்பில் வரும் பிரஷர்

பிரஷர் குறித்து வைக்க எந்த ஆப் நல்லது என்று யாராவது கேட்டால் வேளச்சேரி சிஸ்டர் உடனே பதில் சொல்வதில்லை. "மிஷின் என்ன மிஷின்? கஃப் என்ன சைஸ்?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் பெரும்பாலும் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற இளைஞராக இருப்பார்; அப்பாவுக்கோ மாமியாருக்கோ விசாரிக்க வந்திருப்பார். எந்த ஆப்புக்கு எத்தனை நட்சத்திரம், எது வரைபடம் போட்டுக் காட்டும், எதற்கு மாதச் சந்தா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கஃப் கட்டவேண்டிய அப்பாவின் மேல்கைச் சுற்றளவு மட்டும் தெரிந்திருக்காது.

விஜயநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக். அங்கே 1990களின் நடுவில் நர்ஸாகச் சேர்ந்தவர் இந்த சிஸ்டர். இன்றைக்கும் அங்கேதான். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் சிஸ்டர். சேர்ந்த காலத்தில் வேளச்சேரி என்றால் ஏரி, காலி மனைகள், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். பறக்கும் ரயில் வந்தது 2007 கடைசியில், ஃபீனிக்ஸ் மால் 2013இல். அதற்குள் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பங்கள் இங்கே ஃபிளாட் வாங்கிக் குடிவந்துவிட்டன. பெற்றோர் மூன்றாம் மாடியில் தங்கினார்கள். பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் போனார்கள். அம்மாவின் பிரஷரைக் கடல் கடந்து பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற தேவை வேளச்சேரியில் அப்படித்தான் பிறந்தது என்பது அவர் கணிப்பு.

சிஸ்டர் சேர்ந்த புதிதில் பிரஷர் பார்க்கிற கருவி கிளினிக்கில் மட்டும்தான் இருக்கும். டயமண்ட் கம்பெனியின் பாதரசப் பெட்டி. மூடியைத் திறந்தால் கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நிற்கும். இத்தாலியின் ரிவா ரோச்சி 1896இல் கண்டுபிடித்த முறை. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்து, சத்தம் எழும் இடம் மேல் எண், அடங்கும் இடம் கீழ் எண் என்று வகுத்துக் கொடுத்தார். நூறு வருடம் உலகம் முழுக்க இதுவே நடந்தது. நல்ல காதும் பொறுமையும் இருந்தால் கிளினிக்குக்கு இதைவிடத் துல்லியமான கருவி கிடையாது. மாலைக் கிளினிக்கில் கூட்டம் வாசல் தாண்டி நிற்கும்போது இரண்டுக்கும்தான் பஞ்சம்.

அந்தக் கால மருந்துச் சீட்டுகளை இன்று புரட்டினால் ஒன்று கண்ணில் படும். எல்லா எண்களும் சுழியில் முடியும். 120/80, 130/80, 140/90. குழாயில் இரண்டிரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இருக்கிறது. 134 என்றோ 146 என்றோ எழுத யாரும் தடை சொல்லவில்லை. ஆனாலும் கை பக்கத்துச் சுழிக்குப் போய் நின்றுவிடும். இது வேளச்சேரிக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. பல நாடுகளில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 138ஐ 140 என்று எழுதினால் ஒருவருக்கு மாத்திரையே கூடிவிடும்.

இன்னொரு சிக்கல் நாற்காலியிலேயே இருந்தது. இரண்டு மாடி ஏறி, ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, மூச்சு வாங்க உட்காருகிறவரின் கையில் உடனே கஃபைச் சுற்றினால் என்ன வரும்? டாக்டரைப் பார்த்தாலே ஏறுகிற பிரஷர் தனி. வீட்டில் ஒழுங்காக இருந்து கிளினிக்கில் மட்டும் எகிறுகிறவர்களும், இங்கே சாதுவாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் எவ்வளவு பேர் என்பதை இந்தியாவில் எண்ணிப் பார்த்தது பிற்பாடுதான். 2019இல் வெளியான இந்தியா ஹார்ட் ஸ்டடி 15 மாநிலங்களில் 18,918 பேரை வீட்டிலேயே ஒரு வாரம், தினம் நான்கு வேளை அளக்க வைத்தது. முதல் வகை 24 சதவீதம், இரண்டாம் வகை 18 சதவீதம். ஆக நூற்றுக்கு 42 பேரின் விஷயத்தில் கிளினிக் எண் மட்டும் வைத்து முடிவெடுத்தால் தடம் மாறும். காலையைவிட மாலையில் பிரஷர் கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. ஆபீஸ் முடிந்து வேளச்சேரி மெயின் ரோட்டில் ஊர்ந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய சிஸ்டருக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

வீட்டுக் கணக்கை முதலில் கிளினிக்குக்குக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கதிகாரி ஒருவர். 2000களின் தொடக்கம். மகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய டிஜிட்டல் மிஷின் ஒரு கையில், கோடு போட்ட லெட்ஜர் நோட்டு மறு கையில். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடி என்று கட்டம் கட்டி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதில் "இரவு முழுக்க கரண்ட் இல்லை", "ஊறுகாய் இரண்டு வேளை", "மாத்திரை தீர்ந்துவிட்டது, மறுநாள்தான் வாங்கினேன்" என்று பொடி எழுத்தில் இருக்கும். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு எண்களை விட்டுவிட்டு அந்தக் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே விரலால் தடவிப் படித்தார். மாத்திரை விட்டுப்போன நாட்களும் எண் ஏறிய நாட்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. மருந்தைக் கூட்ட எடுத்த பேனாவை டாக்டர் மூடி வைத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆப்கள் வந்துவிட்டன. பல ஆப்களில் குறிப்பு எழுத இடம் உண்டு. ஆனால் மூன்று தொடுதல் தள்ளி, ஆங்கில விசைப்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எழுபது வயது விரல் அங்கே போவதில்லை.

டிஜிட்டல் மிஷின்கள் மெடிக்கல் ஷாப் கண்ணாடி அலமாரிக்கு வந்ததும் கிளினிக்குக்குத் தினமும் ஒரு பஞ்சாயத்து. "சிஸ்டர், என் மிஷின் 150 சொல்லுது, எதிர்வீட்டு மாமி மிஷின் 138 சொல்லுது, எது சரி?" டிஜிட்டல் மிஷின் சத்தத்தைக் கேட்பதே இல்லை. கஃப் தளரும்போது நாடித்துடிப்பு உள்ளே இருக்கிற காற்றில் சின்னச் சின்ன அதிர்வுகளை எழுப்பும். அதை அளந்து, மேலும் கீழும் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ரகசியம். அதனால் ஒரே கையில் இரண்டு மிஷின் இரண்டு எண் சொல்வதில் வியப்பில்லை. நாடி சீராக இல்லாதவர்களிடம் மிஷின் இன்னும் தடுமாறும்.

எந்த மிஷினை நம்புவது என்பதற்கு உலக அளவில் ஒரு பரீட்சை உண்டு. குறைந்தது 85 பேரிடம், காதால் கேட்டு அளக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டுத் தேற வேண்டும். தேறிய மாடல்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பி.பி. என்ற அமைப்பின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆன்லைனில் பிரஷர் சம்பந்தமாகப் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான் என்கிறார் சிஸ்டர். ஆப் தேடுவது அதற்கப்புறம். 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த நாட்டு இணையக் கடைகளில் விற்ற 972 கருவிகளை இப்படிச் சரிபார்த்தார்கள். மேல்கையில் கட்டுகிற கருவிகளிலேயே தேறியவை 18 சதவீதம்தான். மணிக்கட்டில் பட்டையாக அணிகிற 532 கருவிகளில் ஒன்றுகூடத் தேறியதில்லை. நம் ஊர் பண்டிகைத் தள்ளுபடியில் எதை வாங்குகிறோம் என்று அந்தக் கணக்கைப் பார்த்தபின் ஒரு தரம் யோசிக்கத் தோன்றும்.

இந்தியாவில் பிரஷர் மிஷின்கள் 2021 தொடக்கத்திலிருந்து மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அதே வருடம் ஜூலையில், கொரோனாக் காலக் கொள்ளை விலைக்குப் பிறகு, வியாபார லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். சென்னைக்கு வடக்கே பொன்னேரிப் பக்கம் ஓம்ரான் கம்பெனியின் மிஷின் தொழிற்சாலை அமைக்க 2023 மே மாதம் ஒப்பந்தமும் ஆனது. மிஷின் இனி இன்னும் சாதாரணமாகக் கிடைக்கும். கஃப்தான் கவலை. பெட்டியோடு வருகிற கஃப் நடுத்தரக் கைக்கு அளவெடுத்தது. பருத்த கைக்கு அது சின்னது. 2023இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அளந்து பார்த்தபோது, மிகப் பெரிய கஃப் தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணக் கஃபைக் கட்டினால் மேல் எண் சுமார் 20 கூடுதலாக வந்தது. மறு வருடம் அதே மருத்துவமனையிலிருந்து இன்னொரு ஆய்வு: கையை மேஜைமேல் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் எண் ஏறக்குறைய 4 கூடும், பக்கத்தில் தொங்கவிட்டால் 6.5 கூடும். வீட்டில் சோபாவில் சாய்ந்து, கையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு, சீரியல் பார்த்தபடி எடுக்கிற எண்தான் ஆப்பில் அழகான சிவப்புக் கோடாக ஏறுகிறது.

ஸ்மார்ட்போன் வந்ததும் கஃபே வேண்டாம் என்றார்கள் சிலர். கேமராமேல் விரலை வை, போனை நெஞ்சோடு அணை, பிரஷர் வந்துவிடும். கிளினிக் வரிசையில் உட்கார்ந்தபடியே சில பேர் இதைச் செய்து காட்டியதைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார். யாருக்கு வைத்தாலும் 120க்குப் பக்கத்தில் ஓர் எண் வரும், எல்லோருக்கும் சந்தோஷம். இந்த வகையில் மிகவும் பேசப்பட்டது 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்ற ஆப். 2014இல் வந்து, ஒரு வருடச் சொச்சத்தில் லட்சத்துக்கும் மேல் விற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள்: பிரஷர் கூடுதலாக இருந்தவர்களில் கிட்டத்தட்ட 78 சதவீதம் பேருக்கு, ஒன்றும் இல்லை என்று அது சொல்லியிருக்கிறது. அந்த வருடக் கடைசியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இன்றும் ஆப் கடைகளில் 'பிரஷர்' என்று தேடினால் விரல் படம் போட்ட ஆப்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சிலவற்றில் பொடி எழுத்தில் 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்று இருக்கும்.

நேர்மையான ஆப்கள் வேறு ரகம். மிஷினிலிருந்து புளூடூத் வழியாக எண்ணை வாங்கிச் சேமிக்கும், அல்லது நாமே தட்டச்சு செய்ய இடம் தரும். சராசரி போடும், பி.டி.எஃப். ஆக்கித் தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? மகன் லீவுக்கு வரும்போது மிஷினையும் போனையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த மாதம் போன் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், இணைப்பு அறுந்துவிடும். அப்பாவுக்கு மறுபடி இணைக்கத் தெரியாது, மகனைத் தொந்தரவு செய்யவும் மனம் வராது. ஆப்பில் கோடு அன்றோடு நின்றுவிடும். நியூஜெர்சியில் இருக்கிற மகனோ, அப்பா அளப்பதையே விட்டுவிட்டார் என்று சண்டைக்கு வருவார். அப்பா தினமும் அளந்து காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டிருப்பார்.

ஓர் ஐ.டி. ஊழியர் இன்னும் ஒரு படி மேலே போனார். கூகுள் ஷீட்டில் அம்மாவின் பிரஷரை ஏற்றி, 140ஐத் தாண்டினால் அண்ணன் தம்பி மூவருக்கும் எச்சரிக்கை போகிற மாதிரி எழுதி வைத்தார். முதல் வாரத்திலேயே அம்மாவுக்குத் தூக்கம் போனது. மேல் எண் 144 என்று ஏறிய உடனே சிட்னியிலிருந்து ஒரு போன், டல்லஸிலிருந்து ஒரு போன். "என்னம்மா சாப்பிட்ட? அப்பளமா?" அந்த விசாரணைக்குப் பிறகு அளந்தால் 160. அதைப் பார்த்து இன்னும் இரண்டு போன். கடைசியில் அந்த அம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தார்: என்ன வந்தாலும் 128க்குப் பக்கத்தில் எழுதிவிடுவது. தொடர்ந்து வரிசையாக 128, 126, 128. பிள்ளைகள் நிம்மதியானார்கள். வழக்கமான செக்கப்புக்கு வந்தபோது கிளினிக் மிஷின் 158 காட்டியது. "வீட்டில இவ்வளவு இல்லையே சிஸ்டர்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னவர், தனியாக இருக்கும்போது உண்மையைச் சொன்னார். "அவங்க நிம்மதியா இருக்கட்டுமேன்னுதாம்மா."

எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. ஷீட் கிளினிக்குக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றப்பட்டது. பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தரம் சராசரி போகும், அவ்வளவுதான். மூவரில் மூத்தவர் கோபித்துக்கொண்டார். சிஸ்டர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. போன், வீடியோ, வாட்ஸ்அப் எதன் வழியாகவும் டாக்டர் ஆலோசனை சொல்லலாம் என்பது அதுவரை தெளிவில்லாமல் கிடந்த விஷயம். பிரஷர் நோயாளிகள் ஒரே நாளில் கிளினிக் போனுக்குள் குடியேறினார்கள். காலை ஆறு மணிக்கு "குட் மார்னிங்" ரோஜாப் பூவோடு 152/94 வரும். சிலர் வெறுமனே "146" என்பார்கள். எப்போது எடுத்தது, கீழே எவ்வளவு, ஒன்றும் இருக்காது. சிலர் குரல் பதிவு. ஒரு தாத்தா தினமும் ஏழெட்டுத் தரம் அளந்து எல்லாவற்றையும் அனுப்பினார். பயத்தில் அளக்க, அளந்த பயத்தில் ஏற, ஏறியதைப் பார்த்து மறுபடி அளக்க.

அந்தச் சில வாரங்களில் சிஸ்டர் வகுத்த முறையைத்தான் கிளினிக் இன்றுவரை பின்பற்றுகிறது. ஐரோப்பிய மருத்துவர்கள் பரிந்துரைக்கிற வீட்டு அளவை முறையும் ஏறக்குறைய இதுவே. டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாள் மட்டும் அளக்க வேண்டும். காலையில் மாத்திரை, டிபனுக்கு முன் இரண்டு தரம், ஒரு நிமிட இடைவெளியில். மாலையில் அதேபோல் இரண்டு தரம். அளக்குமுன் பாத்ரூம் போய்விட்டு, ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும். காபி குடித்த அரை மணிக்குள் கூடாது. முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி. கிளினிக்கில் 140/90 என்பது எல்லை என்றால் வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல், வீட்டில் 138 வந்ததை "நார்மல்தான்" என்று விட்டவர்கள் நிறைய.

இன்னொரு விதி அவர் சொந்தமாகச் சேர்த்தது. எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பக் கூடாது. மிஷின் திரையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். 128 அம்மாள் கதைக்குப் பிறகு வந்த விதி. போட்டோவில் வேறு சிலதும் தெரியும். பேட்டரி தீரப்போகிற குறி, நாடி சீரில்லை என்று காட்டும் குறி, கஃப் சரியாகச் சுற்றவில்லை என்ற குறி. ஒரு முறை தொடர்ந்து நாடிக் குறி வந்த ஒருவரை ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினார்கள், இதயத்தின் மேலறைத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது தெரிந்தது. பக்கவாதத்துக்கு அது வாசல். தேதியை மட்டும் நம்ப முடியாது. பேட்டரி மாற்றினால் பல மிஷின்கள் பழைய ஆண்டு ஜனவரி ஒன்றுக்குத் திரும்பிவிடும். பாதி வேளச்சேரி இன்னும் அந்த ஜனவரியில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் செய்தால் பிரஷர் குறையுமா? ஆப் கம்பெனிகள் சொல்ல விரும்பாத பதில் ஒன்று உண்டு. 2018இல் பிரிட்டனில் 142 குடும்ப மருத்துவர் நிலையங்களில் 1,182 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கம்போல் கிளினிக்கில் மட்டும் அளந்தவர்கள் ஒரு பிரிவு. வீட்டில் அளந்து எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு பிரிவு. வீட்டில் அளந்து எஸ்.எம்.எஸ். அனுப்பியவர்கள் ஒரு பிரிவு. ஒரு வருடம் கழித்து, வழக்கமான பிரிவைவிட வீட்டில் அளந்தவர்களுக்கு மேல் எண் 3.5 குறைவு, எஸ்.எம்.எஸ். பிரிவுக்கு 4.7 குறைவு. வேலை செய்தது சாதாரண எஸ்.எம்.எஸ். அந்த எண்ணை மறுமுனையில் டாக்டர் பார்த்தார், மருந்தை மாற்றினார். அதே வருடம் அமெரிக்காவில் 411 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றைப் பற்றியது. ஆப் வைத்திருந்தவர்கள் மாத்திரையைக் கொஞ்சம் ஒழுங்காகப் போட்டதாகச் சொன்னார்கள். பிரஷரோ, ஆப் இல்லாதவர்களுக்கு எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அவ்வளவே குறைந்தது. ஆப்புக்கு மறுமுனையில் மருந்தை மாற்ற யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கிளினிக்கிலும் இது கண்கூடு. பதில் வராத எண்ணை மக்கள் மூன்றாம் வாரத்தில் அனுப்பாமல் விட்டுவிடுவார்கள். "பார்த்தேன், சராசரி 131, இதே மாத்திரையைத் தொடருங்கள்" என்று ஒரு வரி போனால் அடுத்த மாதமும் அனுப்புவார்கள். அந்த ஒரு வரிக்கு டாக்டர் காசு வாங்குவதில்லை. பெரிய மருத்துவமனைகள் இதற்குத் தனிப் பேக்கேஜ் போட்டிருக்கின்றன. தெருமுனைக் கிளினிக்கில் இது நர்ஸின் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்கிறது. இந்தத் தொழிலில் யாரும் கணக்கில் எழுதாத செலவு அது.

அரசு இதையே வேறு வழியில் செய்தது. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்குப் பிரஷர் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த 7.3ஐ மனதில் வைத்துப் பிறந்தது. பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து, கஃபைக் கட்டி, மாத்திரையைக் கையில் கொடுத்துப் போவார்; எண் அரசின் பதிவேட்டில் ஏறும். 2024இல் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. வேறு சில மாநிலங்களில் 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, நர்ஸ்களுக்காகவே செய்த 'சிம்பிள்' என்ற ஆப்பைப் பயன்படுத்தியது. நோயாளியின் அட்டையில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து எண்ணைத் தட்டினால் சில நொடிகளில் வேலை முடியும். வரவேண்டிய நாளில் வராதவர்களின் பட்டியலை ஆப்பே தரும், நர்ஸ் போன் செய்வார். சிஸ்டர் அதைப் பற்றிப் படித்தபோது ரசித்தது அந்தப் பட்டியலைத்தான். வந்தவர் எண்ணைக் காட்ட ஆயிரம் ஆப் இருக்கிறது. வராதவர் யார் என்று சொல்வது அபூர்வம்.

கைக்கடிகாரக்காரர்களும் இப்போது வருகிறார்கள். சாம்சங் கடிகாரம் பிரஷர் சொல்லும். ஆனால் 28 நாளுக்கு ஒரு தரம் கஃப் மிஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. ஆக, கஃப் மிஷின் இல்லாமல் தீராது. 2025இல் ஆப்பிள் கொண்டுவந்த வசதி எண்ணே சொல்லாது. முப்பது நாள் கவனித்துவிட்டு, பிரஷர் இருக்கலாம், பாருங்கள் என்று மட்டும் தட்டி எழுப்பும். முப்பத்தைந்து வயதில், ராத்திரி ஷிஃப்ட், பீட்சா, தூக்கமின்மை என்று ஓடுகிற தரமணிப் பையன்களுக்கு அப்படித் தட்டி எழுப்புவது நல்லதே என்று டாக்டர் நினைக்கிறார். சிஸ்டருக்குப் பாதி சம்மதம். தட்டி எழுப்பிய பின் அவர்கள் கிளினிக்குக்கு வர வேண்டுமே.

டிசம்பர் வந்தால் வேளச்சேரிக்கு வேறு கவலை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும் இங்கே கீழ்த்தளங்கள் மூழ்கின. படகில் ஆட்களை ஏற்றினார்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மாத்திரைப் பெட்டி தண்ணீரோடு போனவர்கள் தண்ணீர் வடிந்ததும் மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று, "வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்கும்" என்றார்கள். அம்லோடிபினா, டெல்மிசார்டானா, அட்டனலாலா? வெள்ளையாகவும் வட்டமாகவும் ஆயிரம் மாத்திரை உண்டு. ஐந்து வருட பிரஷர் கணக்கு எங்கோ சர்வரில் பத்திரமாக இருந்தது. மாத்திரை பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. பேட்டரியில் ஓடுகிற மிஷின் மட்டும் வேலை செய்தது. மிக்ஜாமுக்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும், மாத்திரை பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கிளினிக்கில் லேமினேட் செய்து கொடுக்கிறார்கள். பருவமழைக்கு முன் ஒரு மாத மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும் என்று அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கும்.

ஆப் வைத்துக்கொள்ளவே கூடாதா என்றால், அப்படி இல்லை. சிஸ்டர் பார்ப்பது இரண்டு மூன்று விஷயங்கள். பிரஷர் எழுதுகிற ஆப்புக்கு நம் போனில் இருக்கிற தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் அழித்துவிடுங்கள் என்பார். கணக்கை மொத்தமாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்கச் சொல்வார். ஒரு சேவை திடீரென மூடிவிட்டதில் ஒருவரின் மூன்று வருடக் கணக்கு காணாமல் போனதை அவர் அறிவார். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தமிழ் இருந்தால் உத்தமம். மற்றபடி மிஷின் கம்பெனியின் சொந்த ஆப் போதும், கூகுள் ஷீட் போதும், காலண்டர் தாளும் போதும்.

திங்கட்கிழமை மதியம் அவர் வாரத்துச் சராசரிகளை மூன்றாகப் பிரிக்கிறார். எல்லைக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வரிப் பதில். கொஞ்சம் மேலே இருப்பவர்களிடம் மாத்திரை விட்டுப்போனதா, மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறார்களா, ஊரில் கல்யாணச் சாப்பாடா என்று விசாரணை. வலிமாத்திரையால் ஏறுகிற பிரஷர் அடிக்கடி இப்படித்தான் பிடிபடுகிறது. மிகவும் கூடியவர்களின் பட்டியல் டாக்டர் மேஜைக்குப் போகும். மருந்து மாற்றினால் நான்கு வாரம் கழித்து மறுபடி ஏழு நாள் கணக்கு.

இரவு ஒன்பதுக்கு மேல் கிளினிக் எண்ணுக்கு வருகிற செய்திகளுக்குத் தானாகப் பதில் போகிற ஏற்பாடு இருக்கிறது. மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளங்கள். சொந்தமாகக் கூடுதல் மாத்திரை போடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய்க்கோணல், பேச்சுக்குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் எது இருந்தாலும் எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள் என்று அதில் இருக்கும். முதலில் அதை ஆங்கிலத்தில்தான் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் அந்த நேரத்தில் தனியாக இருப்பது பெற்றோர்தானே என்று கேட்டு, தமிழில் பெரிய எழுத்தில் மாற்ற வைத்தவர் சிஸ்டர்.